நாலு மடிப்பு

நேற்றுப் பொருட்காட்சி மண்டபத்துக்குள் நுழைந்ததும் பார்மலின் வாடை மூக்கில் ஏறியது. கண் எரிந்தது. அந்த வாடையை முகர்ந்து பத்து வருஷம் ஆகிறது. வரிசையாக மேசைகள், மேசைமேல் வெள்ளை விரிப்பு, விரிப்பின்மேல் மூடிய கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் செத்து வெளுத்த ஏதோ ஒன்று. பல்கலைக்கழகம் நம் ஊருக்கு வந்து கடை பரப்பியிருக்கிறது. சமஸ்தானம் போய் நாம் ஜில்லாவோடு சேர்ந்த நாளிலிருந்து அவர்களுக்கு நம்மேல் திடீர்ப் பாசம்.

மூன்றாவது மேசையில் ஒரு குப்பி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதில் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தேன். ‘ஊருணி நீர்த்தெள்ளு. புதுக்கோட்டை வட்டாரம். பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவியின் கீழ்ச் சேகரிக்கப்பட்டது.’

கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். ஆயுளில் பாதிக்கு மேல் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். பொய்யைப் பல அளவுகளில் பார்த்திருக்கிறேன். விரல் நீளச் சீட்டில் இவ்வளவு பொய்யை அடக்கியவர்களை இதற்குமுன் பார்த்ததில்லை. இதை உன்னிடம் சொல்லியாக வேண்டும். நீ இல்லை என்பது தெரிந்துதான் எழுதுகிறேன். உன்னிடம் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொன்னால் எழுதி முடிக்க மாட்டேன்.

நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சைத் தேய்த்தவர்கள். பிறகு நீ கல்லூரியில் விலங்கியல் வாத்தியார் ஆனாய். நான் திருச்சிப் பத்திரிகை ஒன்றுக்குச் சமஸ்தானச் செய்தி அனுப்புகிறவன் ஆனேன். ஊரில் எவன் காலில் நரம்புச்சிலந்தி வந்தாலும் நீ போய் உட்கார்ந்துவிடுவாய். கொப்புளம் உடைந்து நூல்போல எட்டிப்பார்க்கும் புழுவைத் தீக்குச்சியில் நாளுக்கொரு சுற்றாகச் சுற்றி எடுப்பார்கள். அறுந்துவிட்டால் அந்தக் கால் அந்தக் கோடைக்கு இல்லை. எரிச்சல் தாங்காதவன் ஊருணிப் படியில் இறங்கிக் காலை நனைப்பான். புழு தண்ணீரில் குஞ்சு விடும். குஞ்சைத் தண்ணீரில் திரியும் தெள்ளுப்பூச்சி தின்னும். தெள்ளோடு தண்ணீரைக் குடித்தவனுக்கு அடுத்த வருஷம் கால் போகும்.

இவ்வளவும் வெள்ளைக்காரன் புத்தகத்தில் முன்பே இருந்தது. புத்தகத்தில் இல்லாததை நீ கேட்டாய். நம் பக்கத்து ஊருணிகளில் எதில், எந்த மாதத்தில் தெள்ளு பெருகுகிறது? வீட்டில் கிடக்கும் பழந்துணியை எத்தனை மடிப்பு மடித்துப் பானை வாயில் கட்டினால் அது நிற்கும்? இரண்டே கேள்வி. ஒரு கோடைக்காலத்து வேலை.

அதற்கு உனக்கு வேண்டியதும் இரண்டுதான். ஒரு மைக்ராஸ்கோப், ஒரு வருஷ இரவல். கல்லூரியில் இருந்த ஒன்று, உன் வார்த்தையில் சொன்னால், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கத்தான் ஆகும். இன்னொன்று, காதருக்கு ஒரு வருஷ உதவிச்சம்பளம்.

காதர் உன்னிடம் படித்து முடித்தவன். மீமிசல் பக்கத்துப் பையன். அவன் தாயார் கோடைக்குக் கோடை படுத்துக் கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால் உன் கேள்வி அவனுடைய கேள்வியாகவும் இருந்தது. நீ காட்டிய வழியில் ஊருணி ஊருணியாக நடக்கத் தயாராக இருந்தான். ஆனால் பினாங்கில் அவன் மாமா கடையில் அவனுக்காக ஒரு இடம் காலியாகவே வைக்கப்பட்டிருந்தது. சித்திரை பிறப்பதற்குள் பதில் எழுத வேண்டும். உதவிச்சம்பளம் வந்தால் காதர் இங்கே. வராவிட்டால் கப்பல்.

“என்னங்க சார், யூனிவர்சிட்டி என்ன சொல்லுது? பெட்டிய எறக்கவா, கட்டவா?” என்று வாரத்துக்கொரு தடவை கேட்பான். சிரித்துக்கொண்டேதான் கேட்பான்.

பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு விளம்பரம் தர எனக்கு மனசில்லை. ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யும் ஆராய்ச்சிக்கு உதவி என்று அது ஒரு அறிவிப்பு விட்டிருந்தது. விண்ணப்பத் தாள் வந்தது. மூன்று படிகள், இங்கிலீஷில். நீ நிரப்புவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ‘இப்பொருளில் இதற்கு முன் நடந்த ஆய்வுகளின் பட்டியல்’ என்று கேட்டிருந்தார்கள். ‘இல்லை, இருந்தால் இந்த விண்ணப்பம் தேவைப்பட்டிராது’ என்று எழுதினாய். ‘ஆய்வு நடைபெறும் கட்டடம்’ என்று கேட்டிருந்தார்கள். ‘ஊருணி’ என்று எழுதினாய்.

“இப்புடி எழுதுனா குடுப்பாங்களாப்பா?” என்றேன்.

“உள்ளதத்தான எழுத முடியும்? ஊருணிக்குக் கூரையா போட முடியும்?” என்றாய்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மேற்படி ஊருணிக் கட்டடத்தின் உரிமைச் சான்று இணைக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். காதர் அன்று முழுக்கச் சிரித்தான். நீ சிரிக்கவில்லை. ஊருணி என்றால் என்ன என்று ஒரு பக்கத்துக்குப் பொறுமையாக எழுதி அனுப்பினாய். அந்தப் பொறுமைக்காக அன்று உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் பிறந்ததிலிருந்து குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள் அல்ல. எல்லாருக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு, அங்கே ஒரு ஊருணியோ குளமோ உண்டு. மறந்துபோனது போல நடிப்பதைப் பதவிக்கு அழகு என்று நினைத்தார்கள்.

அடுத்த கடிதம் இன்னும் அழகு. தண்ணீரில் அப்படி ஒரு உயிரி இருப்பதற்கு முதலில் ஆதாரம் காட்ட வேண்டுமாம். மூன்று ஊருணிகளின் நீர் மாதிரிகளை அனுப்பினால் உதவிக் குழு பரிசோதிக்குமாம். இருந்தால் மைக்ராஸ்கோப் தருமாம். மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு வந்தால் மைக்ராஸ்கோப் கிடைக்கும்.

நீயும் காதரும் திருவரங்குளத்துக்கும் திருமயத்துக்கும் ஆவுடையார்கோவிலுக்கும் போய்த் தண்ணீர் மொண்டு வந்தீர்கள். சொட்டுப் பார்மலின் விடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டாய். கல்லூரி ஜன்னலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. குப்பியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாய்.

“இங்கிட்டு வந்து பாருப்பா. வெறுங்கண்ணுக்கே தெரியுது. வெள்ளப் புள்ளியா துள்ளுது பாரு.”

“தந்தி ஆபீசு மூடிருவாங்கப்பா. நாளைக்குப் பாக்குறேன்.”

“நாளைக்குச் செத்துருக்கும். அடியில தூசி மாரிக் கெடக்கும். இப்பப் பாரு.”

“வாரேன், வாரேன்” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கிவிட்டேன். அரண்மனையில் யாரோ ஒரு விருந்தாளி வந்து இறங்கிய செய்தி. அவர் யார் என்பதுகூட இப்போது ஞாபகம் இல்லை.

மாதிரிகளை எடுத்துப் போக உனக்கு விடுப்புக் கிடைக்கவில்லை, பரீட்சை நேரம். நான் போகிறேன் என்றேன். வைக்கோல் அடைத்த மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனேன். ஒரு குப்பி உடையவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கென்று தனிக் கட்டடம் இருந்தது. பெரிய தூண்கள். அதற்குள் நுழைந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் ஒருவரையும் அன்று நான் பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்கு வந்த தாள்களுக்கு நம்பர் போடுகிறவர்களைப் பார்த்தேன். மாதிரி வாங்குகிற இடத்தில் ஒரு ஸ்டோர் கீப்பர் இருந்தார். காதில் பென்சில். குப்பியைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தார்.

“என்ன சார் இது, எந்த ஊர் சாக்கடை?”

“சாக்கடை இல்லைங்க. குடிதண்ணி.”

“குடிக்கிறதா! அடியில இவ்வளவு தூசி கெடக்குது. சுவத்துல ரூல் ஒட்டியிருக்கு, படிச்சீங்களா? கலங்கின மாதிரி வாங்கறது இல்ல. வடிகட்டிக் குடுங்க.”

“வடிகட்டலாமா?”

“பின்ன? புரொபசர் கையில அழுக்கையா குடுப்பேன்? துணி இருக்கா?”

துணி இருந்தது. என் தோளில். பழைய மல் துண்டு, இழை விலகியது. வேறு குப்பி அவரே தந்தார். துண்டை ஒற்றையாகப் பிடித்து ஊற்றினேன். தூசி கீழே இறங்கியது. அவர் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாக மடித்தேன். அப்போதும் கொஞ்சம் இறங்கியது. நாலாக மடித்தேன். தண்ணீர் கண்ணாடி போல இறங்கியது. மூன்று ஊர்த் தண்ணீரையும் அப்படியே நாலு மடிப்பில் வடிகட்டி, மூடி, சீட்டு ஒட்டிக் கொடுத்தேன். “இதுக்குப் பேருதான் மாதிரி” என்றார் ஸ்டோர் கீப்பர். உன் காரியத்தைச் சுத்தமாகச் செய்து கொடுத்துவிட்ட திருப்தி எனக்கு.

அந்த நேரத்தில்தான் உதவிக் குழுத் தலைவர் அந்தப் பக்கமாக வந்தார். கோட்டு, சட்டைப் பையில் தங்க மூடிப் பேனா. ஸ்டோர் கீப்பர் எழுந்து நின்று உன் விண்ணப்பத்தைக் காட்டினார். தலைவர் நின்றபடியே ஒரு பக்கத்தைப் படித்தார்.

“துணியில தண்ணி வடிகட்டறதா? இதுக்கு யூனிவர்சிட்டி எதுக்கு? இது ஆராய்ச்சி இல்லய்யா, சலவைத் தொழில். லாண்டரி வைக்கச் சொல்லுங்க.”

கூட வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். தலைவருக்கு முன்னால் எந்த அளவு சிரிக்க வேண்டுமோ அந்த அளவு சிரித்தார்கள். என்னைப் பெட்டி தூக்கி வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. உன் காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று இருந்துவிட்டேன். காரியத்தை அதற்கு முன்பே கெடுத்துவிட்டேன் என்று எனக்குத் தெரியாது.

பழைய குப்பிகளை அந்த ஈரத் துண்டிலேயே சுற்றிப் பெட்டிக்குள் வைத்துத் திரும்பினேன்.

பங்குனி பாதியில் பதில் வந்தது. கல்லூரியில் உன் அறையில் வைத்துப் பிரித்தாய். காதர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தான். நீ வாசித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாய். மூன்று மாதிரிகளிலும் விண்ணப்பதாரர் குறிப்பிட்ட உயிரி எதுவும் காணப்படவில்லை. ஆகவே ஆய்வுக்கு அடிப்படை இல்லை. கீழே முத்திரை.

“இருக்க முடியாது” என்றாய். “நான் கண்ணால பாத்தேன். இவனும் பாத்தான். ஆவுடையார்கோவில் தண்ணியில மொய்ச்சுக் கெடந்துச்சு. ஒண்ணுகூடவா இல்ல?”

உன்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: “நான் வேற நல்லா வடிகட்டி, சுத்தமாத்தானப்பா குடுத்தேன்.”

காதர் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். நீ என்னையே பார்த்தாய். திட்டுவாய் என்று காத்திருந்தேன். ஏன் திட்டு என்பது கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு உறைத்துக்கொண்டிருந்தது.

நீ கேட்டாய்: “எத்தனை மடிப்பு?”

“என்னது?”

“துணிய எத்தனை மடிப்பு மடிச்ச?”

“நாலு.”

“எடுத்தவொடனே நாலா?”

“இல்லப்பா. மொதல்ல ஒத்தையாப் புடிச்சேன். தூசி எறங்குச்சு. ரெண்டு. அப்பவும் எறங்குச்சு. நாலுலதான் நின்னுச்சு.”

“என்ன துணி?”

“என் தோள் துண்டு. பழசு.”

“தொவைச்சியா?”

“இல்ல. பெட்டிக்குள்ளயே கெடக்கு.”

நீ சிரிக்க ஆரம்பித்தாய். அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை. மேசையில் கிடந்த கடிதத்தைத் தட்டித் தட்டிச் சிரித்தாய். “டேய் காதரு! நாலு மடிப்புக்குக் கீழ தெள்ளு இல்லைன்னு முத்திரை குத்திக் குடுத்துருக்காங்கடா. நம்ம ஒரு கோடை நடந்து கண்டுபுடிக்க இருந்தத இவன் ரயில்ல போய் ஒரு மணி நேரத்துல பண்ணிட்டு வந்துருக்கான்!”

காதரும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, “அப்ப பெட்டியக் கட்டிற வேண்டியதுதானே சார்?” என்றான். உன் சிரிப்பு அங்கே நின்றது.

அன்று சாயங்காலம் துண்டை எடுத்துக்கொண்டு கடிகார ராவுத்தர் கடைக்குப் போனோம். மைக்ராஸ்கோப் இல்லாத ஊரில் கண்ணில் லென்ஸ் பொருத்திப் பார்க்கிற மனுஷர் அவர் ஒருவர்தான். காய்ந்த கறையை நீ ஒரு சொட்டுத் தண்ணீரில் நனைத்து, ஊசி முனையால் வழித்துக் கடிகாரக் கண்ணாடி ஒன்றில் வைத்தாய். முதலில் நீ பார்த்தாய். பிறகு காதர். பிறகு என்னைக் கூப்பிட்டாய்; இந்தத் தடவை எனக்குத் தந்தி ஆபீஸ் ஞாபகம் வரவில்லை. கடுகில் கால்வாசி இருக்கும். பேரிக்காய் வடிவம், பின்னால் பிளந்த வால். செத்தும் முழுசாக இருந்தது.

“நானும் பாக்கலாமா வாத்தியாரய்யா? லென்சு என்னுதுதானே” என்றார் ராவுத்தர். பார்த்துவிட்டுக் கைலியைத் தூக்கிக் கணுக்காலில் இருந்த பழைய தழும்பைத் தடவினார். “அடேயப்பா. இதையா காசு குடுக்காம குடிச்சோம்?”

நீ அன்றே பல்கலைக்கழகத்துக்கு எழுதினாய். கோபம் ஒரு சொல்லிலும் இல்லை. தங்கள் அலுவலகத்தில் தங்கள் விதிப்படி செய்யப்பட்ட வடிகட்டலே இந்த ஆய்வின் முதல் சோதனை என்று எழுதினாய். துண்டில் கண்டதை வரைந்து இணைத்தாய். அவர்கள் பதிலில் இரண்டு விஷயம் இருந்தது. திருத்திய விண்ணப்பங்கள் அடுத்த கல்வியாண்டில்தான் ஏற்கப்படும். மாதிரிகள் கெட்டதற்கு விண்ணப்பதாரரின் ஆளே பொறுப்பு. இரண்டாவது உண்மை. அந்த அலுவலகத்திலிருந்து வந்த தாள்களில் நான் பார்த்த ஒரே உண்மை.

அந்த வருஷத்து உதவி யாருக்குப் போனது என்று விசாரித்தேன். விசாரிப்பது என் தொழில். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஏரியிலிருந்து குப்பியில் அடைத்து வந்த நீர்த்தெள்ளின் மீசை பற்றிய ஆய்வுக்குப் போயிருந்தது. அந்த ஏரித் தெள்ளைப் பற்றி முன்பே நிறையப் புத்தகங்கள் இருந்தன. பட்டியலில் நிரப்பச் சௌகரியம். அந்தத் தெள்ளு எவன் காலையும் முடக்கியதில்லை. நம் ஊருணித் தெள்ளுக்கு அந்தத் தகுதி இல்லாமல் போயிற்று.

சித்திரைக்கு முன்பே காதர் போனான். நாகப்பட்டினத்துக்குப் போக ரயிலடியில் நின்றபோது, “பினாங்குல மைக்ராஸ்கோப்பு விக்கிற கடை இருந்தா ஒண்ணு வாங்கி அனுப்புறேன் சார்” என்றான். நீ அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ரயில் நகருகிறவரை விடவில்லை. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். பக்கத்தில் வர எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

திரும்பும் வழியில், அவர்களைக் கிழித்து எழுதுகிறேன் என்றேன். சலவைத் தொழில், உரிமைச் சான்று, ஐரோப்பிய மீசை எல்லாவற்றையும்.

“அதெல்லாம் எழுதி என்னப்பா ஆகப்போகுது? அவங்களப் பத்தி ஒரு வரியும் வேணாம்” என்றாய். “நாலு மடிப்புன்னு எழுது. கால்ல புழு உள்ளவன் படியில எறங்கக் கூடாதுன்னு எழுது. அது போதும்.”

நாலு வரி எழுதினேன். ஆசிரியர் அதைக் கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே போட்டார். நீ அதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தாய். முதல் ஊர் திருவரங்குளம். அங்கே அடுத்த கோடையில் கால் விழுந்தவர்கள் குறைவு என்று எனக்குத் தோன்றியது. எழுதட்டுமா என்று கேட்டேன். “ஒரு ஊரு, ஒரு கோடை. தற்செயலாவும் இருக்கும். இன்னும் ரெண்டு கோடை பொறு” என்றாய். அந்த மழைக்காலத்தில் உனக்கு டைபாய்டு வந்தது. பதினெட்டு நாள். அவ்வளவுதான்.

நீ போய் இரண்டு மாதம் கழித்து உன் பெயருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. உன் வீட்டில் அதைப் பிரிக்கப் பயந்து என்னிடம் கொடுத்தார்கள். ஊருணிக் கட்டடத்தின் உரிமைச் சான்று இன்னும் வந்து சேரவில்லை என்று நினைவூட்டியிருந்தார்கள்.

யுத்தம் முடிந்த பிறகு பினாங்கிலிருந்து ஒரு கார்டு வந்தது, அதுவும் உன் பெயருக்குத்தான். காதர் உயிரோடு இருக்கிறான். நீ இல்லாதது அவனுக்குத் தெரியாது. ‘இங்கே குழாய்த் தண்ணீர்தான் சார். ஆனாலும் நாலா மடிச்சுத்தான் கட்டுறேன். வீட்டுல சிரிக்கிறாங்க’ என்று எழுதியிருந்தான். அவனுக்குப் பதில் எழுத எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

இனி நேற்றைக்கு வருகிறேன். பொருட்காட்சியைத் திறந்துவைத்தவர் அதே தலைவர். இப்போது இன்னும் பெரிய நாற்காலி. பேனாவும் அதுதான் என்று நினைக்கிறேன். எங்கள் பல்கலைக்கழகத்தின் இடைவிடாத ஆதரவினால் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்த ஆராய்ச்சியின் பயனாக, துணியில் வடிகட்டிக் குடிக்கும் நல்ல பழக்கம் இந்த வட்டாரத்தில் வேரூன்றியிருப்பதில் பெருமைப்படுகிறோம் என்றார். முன்வரிசை கைதட்டியது. பத்திரிகைக்காரர்கள் ஏதாவது கேட்க விரும்பினால் கேட்கலாம் என்றார்.

எழுந்தேன். “எத்தனை மடிப்பு?” என்று கேட்டேன்.

“மன்னிக்கணும்?”

“துணிய எத்தனை மடிப்பு மடிச்சு வடிகட்டணும்?”

பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரைப் பார்த்தார். “அது... ஒரு சின்ன விவரம். அதை ஆராய ஒரு உபகுழு அமைக்கிற யோசனை இருக்கு” என்றார் தலைவர்.

“நாலுங்கய்யா!”

குரல் பின்னாலிருந்து வந்தது. கதவோரம் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த பெண்பிள்ளை. இருபது வயசு இருக்கும். பானை வாயில் துணி கட்டியிருந்தது. மண்டபமே திரும்பிப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சொல்ல வந்ததை முடித்தாள்: “ரெண்டுல பூச்சி எறங்கிரும்ல?”

பின்வரிசை சிரித்தது. எந்த அளவு சிரிக்க வேண்டும் என்று யாரையும் பார்க்காமல் சிரித்தது. தலைவரும் சிரிக்க முயன்றார். பிறகு குனிந்து தாளை அடுக்கினார்.

கூட்டம் முடிந்ததும் அவளிடம் போனேன். பெயர் செல்லாயி. திருவரங்குளம்.

“ஒனக்கு ஆரு ஆத்தா சொன்னது, நாலுன்னு?”

“எங்க அம்மாதாங்க. அம்மாவுக்கு ஒரு வாத்தியாரு சொன்னாராம். ஞாயித்துக்கெழம ஆனா செருப்பக் கையில புடிச்சுக்கிட்டு ஊருணிப் படியில வந்து நின்னுக்குவாராம். கால்ல புண்ணு உள்ள ஆள எறங்க விடமாட்டாராம். ரொம்ப ரோதனை புடிச்ச மனுசன்னு அம்மா சொல்லும்.” கொஞ்சம் நிறுத்தி, “ஏங்க, ஒங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்றாள்.

தெரியும் என்றேன். ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியில் சொல்கிறேன் என்றது இதுதான். அவர்களை இத்தனை பக்கத்துக்கு ஏசிவிட்டேன். ஏசியதில் ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஸ்டோர் கீப்பர் வடிகட்டு என்றபோது ஊற்றியது என் கை. அந்த ஜன்னலோரத்தில் நீ குப்பியைத் தூக்கிப் பிடித்து நின்றபோது இரண்டு நிமிஷம் நின்று பார்த்திருந்தால், அந்தத் தூசி என்னவென்று எனக்குத் தெரிந்திருக்கும். துண்டைத் தோளிலிருந்தே எடுத்திருக்க மாட்டேன். காதர் அந்தக் கோடை இங்கே இருந்திருக்கக்கூடும். மைக்ராஸ்கோப் வந்திருக்கக்கூடும். வராமலும் போயிருக்கலாம், அந்தத் தலைவர் வேறு ஒரு காரணம் கண்டுபிடித்திருப்பார். ஆனால் காரணத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். இதற்காக நான் உன்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. நீயும் ஒருநாள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. நீ கேட்டது எத்தனை மடிப்பு என்றுதான்.

அதிலிருந்து எந்தச் செய்திக்குப் போனாலும் எட்டிப் பார்க்காமல் படி இறங்குவதில்லை. என்னைப் பொறுமைசாலி என்று கூட இருப்பவர்கள் சொல்கிறார்கள்.

இன்று காலை பொருட்காட்சிச் செய்தியை எழுதி அனுப்பினேன். நாலு வரி. பழந்துணி, நாலு மடிப்பு, பானை வாயில் இறுக்கிக் கட்டவும். காலில் புழு உள்ளவர்கள் ஊருணிப் படியில் இறங்க வேண்டாம். தகவல்: செல்லாயி, திருவரங்குளம். பல்கலைக்கழகத்தின் பெயரைக் காணோமே என்று ஆசிரியர் தந்தி அடிப்பார். அடிக்கட்டும்.

துண்டு பெட்டியில் இருக்கிறது. அன்று ராவுத்தர் கடையில் நீ அதை என் கையில் கொடுத்து, “தொவைச்சுறாதப்பா” என்றாய். துவைக்கவில்லை. நாலாக மடித்துத்தான் வைத்திருக்கிறேன்.